நான் காட்டிக்கொடுத்த இடம்

என் அண்ணன் விஜயபாலைப் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டினார்கள். வியாழக்கிழமை, காலை பத்து மணி. யெர்ரமடுகு கிராஸில் பஸ் நின்றதும் ஏழு பேர் ஏறியிருக்கிறார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாராம். கண்டக்டர் இறங்கி ஓடிவிட்டார். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. முதல் வெட்டு அந்தக் கையில்தான் விழுந்தது. பிறகு ரோட்டில் இழுத்துப் போட்டு மீதியை முடித்தார்கள்.

அந்த நேரத்தில் என் கணவர் புல்லம்மாவின் வீட்டில் உட்கார்ந்து, வீங்கிப்போன அவளுடைய முழங்காலுக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தார். ஆள் வந்து சொன்னதும் ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதற்காக அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

அவர் பெயர் குருபாதம். எங்கள் பேட்டையில் இருக்கும் எண்பது வீட்டுக்கும் அவர் அய்யகாரு. பாஸ்டரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதனால் நான் அம்மகாரு. விடியுமுன் மணியடிப்பது, காய்ச்சல்காரன் தலையில் கை வைப்பது, பால் கொடுக்காத எருமைக்கும் ஒரு ஜெபம், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவே போய் நிற்பது, தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இவைதான் அவருடைய வாரம். எங்கள் பக்கத்தில் அதோடு இன்னொன்றும் உண்டு. வெட்டுப்பட்டவர்களைப் புதைப்பது. பதினோரு வருஷத்தில் பதினாறு பேரைப் புதைத்திருந்தார். அத்தனை பேரும் எங்கள் ஆட்கள். கல் குவாரிக்காகவும் எலக்ஷனுக்காகவும் அடித்துக்கொண்டவர்கள் என்னவோ நாகிரெட்டியும் ஓபுல்ரெட்டியும்தான். அந்த இரண்டு வீட்டில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

கோயிலில் நாகிரெட்டியின் ஆட்கள் இடப்பக்கம் உட்காருவார்கள், ஓபுல்ரெட்டியின் ஆட்கள் வலப்பக்கம். செருப்பும் இரும்பும் வெளியே வேப்பமரத்தடியில் கிடக்க வேண்டும் என்பது அய்யகாருவின் சட்டம். ஆராதனை முடிந்ததும் அவரவர் செருப்பைத் தேடுவதுபோலவே அவரவர் அரிவாளையும் தேடி எடுத்துப் போவார்கள்.

இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அவருடைய அப்பா நாகிரெட்டியின் தகப்பனாருக்கு வாளி தூக்கியவர். மணலுக்குள் நாட்டுக் குண்டுகளைப் பதித்த வாளி. வரப்பில் கால் இடறி வாளியோடு விழுந்தார். பத்தொன்பது வயதில் இவர் தன் அப்பாவை ஒரு போர்வையில் பொறுக்கிக் கட்டியிருக்கிறார். அப்போது இருந்த பாஸ்டர் பயந்து ஊரைவிட்டே போய்விட்டார். இவரே குழி தோண்டி, ஒரு ஜெபமும் தெரியாமல், குழி ஓரத்தில் சும்மா நின்றுவிட்டு வந்திருக்கிறார். "அன்னிக்கு ரெண்டு வார்த்தை சொல்ல ஒரு ஆள் இல்ல சாரம்மா. அதுதான் எனக்கு வந்த அழைப்பு. கனவுல தேவதூதன் எல்லாம் வரல" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்தார்கள். முகத்தை நான்தான் கழுவினேன். தாடை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. என் பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்துத் தலையோடு சேர்த்துக் கட்டினேன். தம்பி சுகுணராவு பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அழவில்லை.

குழியோரம் பெட்டியை வைத்ததும் ஜீப் வந்தது. நாகிரெட்டி இறங்கினார். கூட்டம் விலகியது. நேராக வந்து பெட்டிமேல் கை வைத்தார்.

"விஜயபாலு, எனக்காகச் செத்தவன்டா நீ. உன் ஒரு தலைக்கு மூணு தலை. முதல் தலை எலீசாவோடது."

எலீசா எங்கள் பேட்டைக்காரன். ஓபுல்ரெட்டியின் ஆள். பஸ்ஸில் ஏறிய ஏழு பேரில் அவனும் ஒருவன், முதல் வெட்டு அவனுடையது என்று பஸ்ஸிலிருந்த பெண்கள் சொல்லியிருந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் என் கணவர்.

"ரெட்டிகாரு, இது சத்தியம் பண்ற இடமில்ல. கையை எடுங்க. நான் அடக்கம் பண்ணணும்" என்றார் அய்யகாரு.

நாகிரெட்டி கையை எடுத்தார். எடுத்த கையாலேயே ஓங்கி ஒரு அறை விட்டார். கண்ணாடி பறந்து குழிக்குள் விழுந்தது. வேதப் புத்தகம் மண்ணில் விழுந்தது. அய்யகாரு புத்தகத்தை எடுத்து மண்ணைத் தட்டினார். கண்ணாடி இல்லாததால் வாசிக்க முடியவில்லை. மனப்பாடமாக இருந்ததைச் சொன்னார். மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல் என்று அவர் சொல்லும்போது கன்னத்தில் நான்கு விரலும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "அவரு அடிச்சது எனக்கு வலிக்கல. அவரு பண்ண சத்தியம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தெரிஞ்சுக்கோங்க."

"தெரியும். உன் முகத்துலயே பாத்தேன்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு திருவிருந்து இருந்ததால், சாவு வீடாக இருந்தாலும், வேலை இருந்தது. மத்தியானம் கோயிலில் உட்கார்ந்து திராட்சரசக் கிண்ணங்களைக் கழுவித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மேடையில் நின்று மேசைத் துணியை விரித்துக்கொண்டிருந்தார். பின்கதவு வழியாக எலீசா வந்தான்.

இரண்டு நாள் முள்ளுக்காட்டில் கிடந்த ஆள். உதடு வெடித்திருந்தது. சட்டையில் காய்ந்த கறை. அது யாருடைய ரத்தம் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

"அய்யகாரு, ஓபுல்ரெட்டி கைவிட்டுட்டாரு. எங்கயோ போய்ச் சாவுடான்னுட்டாரு. என் பொண்டாட்டி மார்த்தாவுக்கு இது பிரசவ மாசம். ஒரு தடவை பாத்துட்டு ஸ்டேஷனுக்குப் போயிரலாம்னு வந்தேன். ஊர் முனையில எல்லாம் ஆள் நிக்குது. என்னை நீங்களே ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டுருங்க."

பிறகுதான் என்னைப் பார்த்தான். "அம்மகாரு..." என்று காலில் விழ வந்தான். கையிலிருந்த கிண்ணத்தட்டால் அவன் தலையில் அடித்தேன். கண்ணாடிக் கிண்ணங்கள் தரையெல்லாம் சிதறின. அவன் தடுக்கவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் வழிய அப்படியே மண்டியிட்டிருந்தான்.

அய்யகாரு என் கையைப் பிடித்தார். "மூணு மணி பஸ்ல கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் என்ன? என் அண்ணனைப் போட்ட குழி இன்னும் ஈரமா இருக்கு."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

வெளியே சத்தம் கேட்டது. பேட்டை நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குரைத்தன. அவர் மேடைக்கு ஓடி, தரையில் பதித்திருந்த பலகைகளில் இரண்டைத் தூக்கினார். கீழே ஞானஸ்நானத் தொட்டி. இடுப்பளவு ஆழம். ஞானஸ்நான நாளில் மட்டும் நிரப்புவோம். அன்று காய்ந்து கிடந்தது. "இறங்குடா" என்றார். எலீசா இறங்கிப் படுத்தான். பலகையை மூடி அதன்மேல் பாயை இழுத்துப் போட்டார். என்னை வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லியிருக்கலாம். நேரமில்லையோ, தோன்றவில்லையோ. நான் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.

இருபது பேர் இருக்கும். பேட்டை ஆட்கள் பாதி, நாகிரெட்டியின் வெளியூர் ஆட்கள் பாதி. வாளிக்காரனை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்கள். செருப்பையும் கழற்றவில்லை, இரும்பையும் வெளியே வைக்கவில்லை. முன்னால் வந்தவன் சுகுணராவு. வேட்டை அரிவாள் அவன் கையில் புதுசாக மின்னியது. பக்கத்தில் திம்மன்னா என்ற வெளியூர்க்காரன், நாகிரெட்டியின் வலது கை.

"பாவா, அவன் இங்க வந்ததை ரெண்டு பேரு பாத்திருக்காங்க" என்றான் தம்பி. அக்கா புருஷன் என்ற உறவில் அவன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

"வந்தான். உன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன் சுகுணா. எங்க இருக்கான்னும் சொல்ல மாட்டேன்."

திம்மன்னா சிரித்தான். "பாஸ்டருக்கு நேத்து வாங்கினது போதலடா."

தேடினார்கள். பீரோவைக் கவிழ்த்தார்கள். ஆர்மோனியத்தை ஒருவன் காலால் உதைத்தான். அது ஒரு தடவை முனகியது. பிரசங்கப் பீடத்தைப் பிளந்தார்கள். கூரைமேல் ஏறி ஒருவன் பார்த்துவிட்டு வந்தான். எதுவும் கிடைக்கவில்லை. அப்போது தம்பி என்னிடம் வந்தான்.

"அக்கா, நீ சொல்லு. அண்ணன் தாடையைக் கட்டினது நீதானே?"

நான் வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டவில்லை. கீழே கிடந்த பாயைப் பார்த்தேன். அவ்வளவுதான். தெரியாமல் பார்த்துவிட்டேன் என்று பிறகு எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அது பொய். அவன் புரிந்துகொள்ளும்வரை பார்த்தேன்.

என் கணவரும் அதைப் பார்த்தார். போய்ப் பாயின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவர் பலகை இடுக்கில் விரல்களைக் கோத்துக்கொண்டார். திம்மன்னா முதுகில் மிதித்தான், விலாவில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் விடவில்லை. "பாவா, எந்திரி! பாவா, சொன்னாக் கேளு!" என்று கத்திக்கொண்டே தம்பி பலகையைப் பிளக்க அரிவாளை ஓங்கினான். பலகையைத்தான் குறிவைத்தான். அதை நான் கோர்ட்டிலும் சொன்னேன். ஆனால் அரிவாள் அவருடைய வலது கையில் இறங்கியது.

மூன்று விரல்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல். பாயின்மேல் மூன்றும் தனித்தனியாகக் கிடந்தன.

அவர் அலறிய அலறலை எழுத எனக்குத் தெரியாது. தம்பி அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ரத்தம் பலகை இடுக்கு வழியாகக் கீழே சொட்டியது. கீழே படுத்திருந்தவன் முகத்தில் விழுந்திருக்க வேண்டும். பலகை ஆடியது. எலீசா முதுகால் முட்டித் தூக்கிக்கொண்டு எழுந்தான். "இந்தா இருக்கேன்டா! என்னை வெட்டுங்கடா, அய்யகாரை விடுங்கடா!"

திம்மன்னா வெட்டினான். தோள்பட்டையில் பாதி இறங்கியது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிய கையை நான் பிடித்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. மணிக்கட்டில் வாய் வைத்துக் கடித்தேன். பல்லுக்கு அடியில் நரம்பு வழுக்கியது. அவன் இன்னொரு கையால் என் முடியைப் பிடித்து முகத்தில் குத்தினான். முன்பல் ஒன்று போனது. நான் விடவில்லை. அரிவாள் அவன் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"உன் அண்ணனை வெட்டினவன்டி அவன்! பைத்தியமா உனக்கு?" என்று கத்தினான்.

அதற்குள் அய்யகாருவின் அலறல் கேட்டுப் பேட்டைப் பெண்கள் கல்லோடு வந்துவிட்டார்கள். வாளிக்காரன் வயதில் சிறியவன், பயந்துவிட்டான். வாளியிலிருந்து ஒன்றை எடுத்து வீசினான். எங்கே குறி வைத்தானோ, குண்டு கோயில் வாசலில் வெடித்தது. கதவும் முன்சுவரில் பாதியும் உள்ளே வந்து விழுந்தன. காது அடைத்துப்போய், எல்லோரும் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. புகை கலைந்தபோது திம்மன்னாவும் அவன் ஆட்களும் இல்லை. பேட்டைக்காரர்களில் சிலர் சுவரோரம் ஒண்டி நின்றார்கள். வாசலில் புல்லம்மா கிடந்தாள். முழங்கால் வீக்கத்தோடு, கையில் ஒரு கல்லோடு அவளும் வந்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அய்யகாரு திருவிருந்து மேசைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு புல்லம்மாவிடம் போனார். சுவரில் சாய்ந்தபடியே மெல்லச் சரிந்து உட்கார்ந்து, அவள் கண்ணை இடக்கையால் மூடினார். ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பிறகு எலீசாவின் நல்ல தோளைப் பிடித்து, "நட" என்றார்.

பேட்டையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு மைல். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். என் பெரியப்பா மகன்கள், நாகிரெட்டியின் ஆட்கள், எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. அவர் எலீசாவின் வலப்பக்கம் நடந்தார். இடப்பக்கம் திறந்திருந்தது. நான் போய் அந்தப் பக்கம் நடந்தேன். செத்தவனின் தங்கை பக்கத்தில் நடக்கும்போது யார் வீசுவார்கள்? வசவு மட்டும் வந்தது. "கூடப் பிறந்தவன் ரத்தத்தை மிதிச்சுட்டுப் போறா பாரு" என்று என் சித்தி காறித் துப்பினாள். என் காலில் விழுந்தது.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்று எலீசா முனகினான்.

"உனக்காக வரலடா. வாயை மூடிக்கிட்டு நட. அவரு கைக்காக வரேன்."

கடப்பாக்கல் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும்தான் அவர் மயங்கி விழுந்தார்.

எலீசா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான், ஆயுள் தண்டனை. அனுப்பியது யார் என்றும் சொன்னான். ஓபுல்ரெட்டியின் பெயர் கேஸில் ஏறியது. ஆறு மாதத்தில் கேஸிலிருந்து இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இன்ஸ்பெக்டர் வந்து விரலை வெட்டியது யார் என்று கேட்டபோது, நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் "சுகுணராவு. என் மனைவியோட தம்பி. வேணும்னு வெட்டல. ஆனா வெட்டினது அவன்தான்" என்றார். தம்பிக்கு மூன்று வருஷம். என் அம்மா அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் பிரசங்கத்துக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, நான் சபைக்கு நடுவே எழுந்தேன். "அவன் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது நான்" என்று சொன்னேன். பாதிப் பேருக்கு முன்பே தெரியும். தெரியாத மார்த்தா, கைக்குழந்தையோடு, என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதையும் ஈடு கொடுக்க முடியாது.

மூப்பர்கள் கூடினார்கள். இரும்போடு உள்ளே வந்த பேட்டைக்காரர்களுக்கு ஒரு வருஷம் திருவிருந்து கிடையாது என்று முடிவானது. என் பேச்சு வந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அம்மகாரு ஆயிற்றே, விட்டுவிடலாம் என்று ஒருவர் இழுத்தார்.

"ஆறு மாசம்" என்றார் என் கணவர்.

வீட்டில் அவரிடம் வாய்விட்டுக் கத்தினேன். "என் பல்லு போச்சு, அம்மா போனா, தம்பி ஜெயில்ல. உங்க பக்கத்துல நடந்து வந்தேனே, அது கணக்குல இல்லியா?"

"இருக்கு. அதனாலதான் ஆறு. இல்லன்னா ஒரு வருஷம்." பிறகு சொன்னார்: "உன்னை அங்க நிக்க வச்சுட்டு அவனை ஒளிச்சு வச்சேன் பாரு, அது என் தப்பு சாரம்மா. அதை மூப்பர்கள்கிட்டயும் சொன்னேன். எனக்கு என்ன தண்டனை கொடுக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியல."

ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. சங்கட்டிக் களியைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வைத்து அவர் களியை உருட்டப் பழகிக்கொண்டிருந்தார். பாதி வாய்க்குப் போகும், பாதி மடியில் விழும். உதவிக்குக் கூப்பிடவில்லை. எட்டாம் நாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திருவிருந்து கொடுப்பதில்தான் சிக்கல் வந்தது. இடக்கையால் அப்பத்தைக் கொடுத்தால் வாங்க மாட்டோம் என்று கிழவர்கள் சொன்னார்கள். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கடலை மிட்டாயை வைத்துப் பழகினார். அந்த இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, விழாமல் நீட்ட அவருக்கு ஆறு வாரம் பிடித்தது.

சண்டை நிற்கவில்லை. அடுத்த வருஷம் கல் குவாரியில் இரண்டு பேர் விழுந்தார்கள். இரண்டு பேரையும் இவர்தான் புதைத்தார். ஆனால் கூப்பிட்டால் வாளி தூக்கப் போகிறவர்கள் பேட்டையில் குறைந்தார்கள். இருபது முப்பது பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். பயந்து போனார்களா, வெட்கப்பட்டுப் போனார்களா என்று எனக்குத் தெரியாது.

என் ஆறு மாதம் முடிந்த ஞாயிறு, வரிசையில் மார்த்தாவுக்குப் பின்னால் நின்றேன். அவள் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் விலகிப் போனாள். நான் கையை ஏந்தினேன். அய்யகாரு இரண்டு விரலால் நீட்டினார். அப்பம் நழுவப் பார்த்தது. அவர் கையை என் இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாங்கினேன்.